எழுதாமல் விட்ட இரண்டு சோதனைகள்

1

போன மாதம் ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் என்னோடு ஒரே கல்லூரியில் பதினைந்து வருடம் பௌதிகவியல் படிப்பித்த நண்பர். நான் இரசாயனவியல். கல்லூரி ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருந்தார். "நீர் நியூசிலாந்துக்குப் போய் ஐந்து வருஷமாச்சு. மகள் டொக்டருக்குப் படிக்கிறா. வெளிநாட்டில பிள்ளையளைப் படிப்பிச்சு ஆளாக்கிறது எப்பிடி எண்டு எங்கட ஆக்களுக்கு நாலு புத்தி சொல்லி எழுதும்" என்று.

அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு கிழமை திரிந்தேன். இங்கே த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில் ஒரு சுப்பர்மார்க்கெட்டின் பின்பக்கக் களஞ்சியத்தில் எனக்கு வேலை. பெட்டி அடுக்குவது, காலாவதித் திகதி பார்ப்பது, முன்னால் தட்டுகளில் குறைந்ததை நிரப்புவது. தேநீர் நேரத்தில் மா மூடைக்கு மேல் இருந்துகொண்டு கடிதத்தை எடுத்துப் பார்ப்பேன். 'மகள் டொக்டருக்குப் படிக்கிறா' என்ற இடத்தில் கண் நின்றுவிடும். அது நண்பரின் கற்பனை இல்லை. நான் எழுதிய கடிதங்களிலிருந்துதான் அவருக்கு அந்தச் செய்தி கிடைத்தது.

ஆகவே முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். என் மகள் வாசுகி டொக்டருக்குப் படிக்கவில்லை. படிக்க விரும்பினாள். அதற்காக மாடாய் உழைத்தாள். இன்னும் இடம் கிடைக்கவில்லை. கிடைக்காமல் போனதற்குக் காரணம் வெள்ளைக்காரன் இல்லை, ஆங்கிலம் இல்லை, எங்களை ஊரைவிட்டுக் கிளப்பிய கலவரமும் இல்லை. நான்தான். இதை மலரில் போடுவதா விடுவதா என்பது நண்பரின் பாடு.

2

எங்கள் ஊரில் ஏ.எல். சோதனையை எப்படி எடுப்பார்கள் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் இங்கே கிரேஸ் என்ற மலேசியத் தமிழ்ப் பெண்ணுக்கு ஒருமுறை விளக்க வேண்டி வந்தது. ஏவன்டேலில் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். பல்கலைக்கழகத்தில் ஒரு கந்தோரில் தட்டெழுத்து வேலை. அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். முதல் தரம் எழுதுவது ஃபேர்ஸ்ட் ஷை. சரிவராவிட்டால் அடுத்த வருடம் செக்கண்ட் ஷை. அதுவும் பிழைத்தால் தேர்ட் ஷை. எந்தத் தரம் நல்ல பெறுபேறு வருகிறதோ அதை வைத்துக் கம்பஸுக்குப் போகலாம். முந்திய தரம் என்ன வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வாட்டுக்குள் வரும் டொக்டரிடம், நீர் எத்தனையாவது ஷை என்று எந்த நோயாளி கேட்கிறான்?

என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு நான் ஒரு வித்தை சொல்லிக் கொடுப்பேன். ஆயத்தம் போதாவிட்டால் நாலு பாடத்தையும் அரைகுறையாக எழுதிக் கெடாதே. இரண்டைப் பிடி. மற்ற இரண்டுக்கும் போகாதே. இந்த முறையைப் பயிற்சியாக நினை, அடுத்த முறை நாலையும் அடி. இதைச் சொல்லியே எனக்கு ஊரில் ஒரு பெயர் வந்தது. தேர்ட் ஷையில் மெடிசின் கிடைத்த பெடியன் ஒருவன் வாழைக்குலையோடு வீட்டுக்கு வந்து, "சேர், நீங்கள் அண்டைக்கு மறிச்சிராட்டி நான் முடிஞ்சிருப்பன்" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். அந்த அழுகையை நான் பெரிய பட்டமாக நினைத்துக் கட்டிக்கொண்டு விமானம் ஏறி இங்கு வந்தேன்.

எண்பத்துநாலில் வந்தோம். வாசுகிக்கு அப்போது பதினேழு வயது. ஒரு வருடம் இங்குள்ள பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு அடுத்த வருடம் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். மெடிசின் விரும்புகிறவர்கள் முதலில் ஒரு வருடம் விஞ்ஞானம் படிக்க வேண்டும்: உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல், கணிதம். அந்த வருடப் பெறுபேற்றைப் பார்த்து மருத்துவ பீடத்துக்கு ஆள் எடுப்பார்கள். எடுபடாதவர்கள் அப்படியே விஞ்ஞானப் பட்டத்தை முடிக்கலாம்.

வருட நடுவில் வைத்த சோதனையில் வாசுகிக்கு இரசாயனத்தில் டி, பௌதிகத்திலும் டி. இங்கே டி என்றால் ஃபெயில். இருபத்திரண்டு வருடம் இரசாயனம் படிப்பித்தவனின் மகளுக்கு இரசாயனத்தில் டி. நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் இருக்கும் மண்டபத்தில் விரிவுரையாளரின் ஆங்கிலம் அவளுக்குப் பாதிதான் பிடிபட்டது. மீதிக்கு என்னுடைய நோட்ஸ் கொப்பிகளைப் பாடமாக்கினாள். ஒரு இரசாயனத் தாக்கம் ஏன் நடக்கிறது என்று இங்கே கேட்பான். அந்தத் தாக்கத்தின் வரைவிலக்கணத்தை என்னுடைய வசனத்தில் பிசகாமல் எழுதிவிட்டு வருவாள். ஊரில் அதற்கு முழுப் புள்ளி கிடைத்திருக்கும்.

வருடக் கடைசிச் சோதனைக்கு மூன்று கிழமை இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கிவந்து சாப்பிட உட்கார்ந்த நேரம், நான் என் முடிவை அறிவித்தேன்.

"கெமிஸ்ட்ரியையும் பிசிக்ஸையும் இந்தமுறை விடு பிள்ளை. பயோலொஜியையும் மற்ஸையும் பிடி. ரெண்டிலயும் ஏ எடு. மற்ற ரெண்டையும் வாற வருஷம் ஆறுதலா எடுக்கலாம்."

"இஞ்ச அப்பிடி விடலாமோ அப்பா?" என்று கேட்டாள்.

"சோதனை எண்டால் எங்கயும் சோதனைதான். நான் எத்தினை பிள்ளையளைக் கண்டனான்."

அவள் தலையைக் குனிந்து சாப்பிடத் தொடங்கினாள். பல்கலைக்கழகம் கொடுத்த கைநூல் ஒன்று அலுமாரிக்கு மேல் கிடந்தது. விதிமுறை எல்லாம் அதற்குள்தான். எட்டி எடுத்துப் பார்த்திருந்தால் பத்து நிமிட வேலை. எனக்குத் தெரியாத சோதனையும் உலகத்தில் உண்டு என்று அப்போது தோன்றவில்லை.

இரசாயனச் சோதனை ஒரு திங்கட்கிழமை காலை. ஏழு மணிக்கு நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வாசுகி குளித்து, நல்ல சட்டை போட்டு, பையைத் தோளில் கொழுவிக்கொண்டு வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

"எங்க போறாய்? இண்டைக்குத்தானே வீட்டில நிண்டு பயோலொஜி படிக்கச் சொன்னனான்" என்றேன்.

என் மனைவி தவமணி அடுப்படியில் இருந்து திரும்பிப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, பிள்ளை வெளிக்கிட்டெல்லோ நிக்குது" என்றாள்.

"எழுதி ஃபெயில் விட்டால் அது பதிவில நிக்கும். எழுதாட்டி ஒண்டும் நிக்காது. உமக்கு உது விளங்காது" என்றேன்.

வாசுகி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பையைக் கதிரையில் வைத்துவிட்டு அறைக்குள் போனாள். புதன்கிழமை பௌதிகம். அன்றைக்கு அவள் உடுத்திக்கொண்டு வரவில்லை. சொன்னதைக் கேட்கிற பிள்ளை என்று எனக்குப் பெருமையாக இருந்தது. வேலைக்குப் போய் நிம்மதியாகப் பெட்டி அடுக்கினேன்.

3

பெறுபேறு வந்தது. உயிரியலில் பி. கணிதத்தில் அதற்கும் கீழே, பி மைனஸ். இரசாயனத்துக்கும் பௌதிகத்துக்கும் நேரே புள்ளி இல்லை. சோதனைக்குத் தோற்றவில்லை என்பதற்கு ஆங்கிலத்தில் மூன்று எழுத்து அடித்திருந்தது.

அந்த மூன்று எழுத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை. எனக்கு வந்த கோபம் மற்ற இரண்டையும் பற்றியது.

"மூண்டு கிழமை முழுக்க ரெண்டே ரெண்டு பாடம். அதிலயும் ஒரு ஏ இல்லையோ? என்ன செய்து கிழிச்சனி?" என்று கத்தினேன். கத்தியது எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவருக்கும் கேட்டிருக்கும். வாசுகி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். 

சில நாளில் மருத்துவ பீடத்திலிருந்து கடிதம் வந்தது. இடமில்லை என்பது எதிர்பார்த்ததுதான். அடுத்த பந்திதான் எதிர்பாராதது. முதலாண்டை ஒரே முழு ஆண்டாகத்தான் பார்ப்பார்களாம். எழுதாமல் விட்ட சோதனை ஃபெயில் விட்ட சோதனையாகவே எண்ணப்படுமாம். திரும்ப எழுதிச் சித்தியடைந்தாலும் அந்த முதலாண்டு வாசலால் இனி உள்ளே போக முடியாது. பட்டத்தை முடித்துவிட்டு, பட்டதாரியாக விண்ணப்பிக்கலாம். அப்போது முதல் நாளிலிருந்து எடுத்த எல்லாப் பெறுபேறும் பார்க்கப்படும்.

நான் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டேன். ஊரில் கல்வித் திணைக்களத்துக்கு எழுதுகிற மாதிரி, பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன் என்று ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு ரயிலேறிப் பல்கலைக்கழகக் கந்தோருக்குப் போனேன். மகளைக் கூட்டிப்போகவில்லை. பெரியவர்கள் பேசித் தீர்க்கிற விடயம் என்று நினைத்தேன்.

மேசைக்குப் பின்னால் ஒரு நடுத்தர வயது அம்மா. மரியாதையாக இருக்கச் சொன்னார். நான் எழுதியதைக் கொடுத்துவிட்டு வாயாலும் சொன்னேன், என் மகள் இரண்டு பாடத்தில் ஃபெயிலியர் என்று. எங்கள் ஊர் ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வோம். அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "உங்கள் மகளை அப்படிச் சொல்லாதீர்கள், எந்தப் பிள்ளையும் ஃபெயிலியர் இல்லை" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிறகு மகளுக்கு எத்தனை வயது என்று கேட்டார். பதினெட்டு என்றேன்.

"அப்படியானால் அவருடைய படிப்பைப் பற்றி நான் அவரோடுதான் பேசலாம். உங்களோடு பேச முடியாது" என்றார்.

"நான் தகப்பன்" என்றேன்.

"விளங்குகிறது" என்றார். என் கடிதத்தை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார். வாசுகி வந்து சந்திக்க வேண்டிய நாளையும் நேரத்தையும் ஒரு சின்ன அட்டையில் எழுதித் தந்தார். இருபத்திரண்டு வருடம் பெற்றோரை என் மேசைக்கு முன்னால் இருத்தி வைத்துப் பேசியவன் நான். வெளியே வந்து அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

அன்று பின்னேரம்தான் கிரேஸ் வீட்டுக்குப் போய்ச் செக்கண்ட் ஷை, தேர்ட் ஷை எல்லாம் விளக்கினேன். அவர் வாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அண்ணே, என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நாலு வீடு தள்ளித்தானே இருக்கேன். இங்க ஒரு தடவ பேரு பதிஞ்சா பதிஞ்சதுதான். எழுதலேன்னாலும் ஃபெயில்தான். பத்து வருசம் கழிச்சு ரிசல்ட் ஷீட் எடுத்தாலும் அந்த ஃபெயில் அப்படியேதான் வரும்."

"இப்ப ஒண்டும் செய்யேலாதோ தங்கச்சி?"

"பரீட்சைக்கு முன்னாலயே பேர எடுத்திருக்கலாம். உடம்பு சரியில்லேன்னு டாக்டர் லெட்டராச்சும் கொடுத்திருக்கலாம். எல்லாத்துக்கும் நாள் முடிஞ்சு போச்சு அண்ணே. இனிமே அந்தப் பொண்ணு படிச்சுக் காட்டுறதுதான்."

வீட்டுக்கு வந்து தவமணியிடம் சொன்னேன். அவள் தொடர்ந்து அரிசி களைந்தாள். வாசுகியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சின்ன அட்டையை அவளுடைய மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

4

அவள் போய்ச் சந்தித்தாள். என்ன கதைத்தார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. திரும்பி வந்த அன்றைக்கு என்னுடைய நோட்ஸ் கொப்பிகள் பதினொன்றையும் அடுக்கி, நாடாவால் கட்டி, என் கட்டில் ஓரத்தில் கொண்டுவந்து வைத்தாள். கோபமாக வைக்கவில்லை. நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி வைத்தாள்.

அடுத்த வருடம் இரசாயனத்தையும் பௌதிகத்தையும் அடியிலிருந்து தொடங்கினாள். அது சினிமாவில் வருகிற மாதிரி ஒரு பாட்டுக்குள் நடந்துவிடவில்லை. எழுதிக் கொடுத்த முதல் ஒப்படை சி. அடுத்ததும் சி. ஒவ்வொன்றையும் திருத்திக் கொடுத்த பிறகு தாளை எடுத்துக்கொண்டு போதனாசிரியரின் அறைக் கதவைத் தட்டி, எந்த இடத்தில் புள்ளி போனது என்று கேட்டாளாம். இதைத் தவமணிதான் எனக்குச் சொன்னாள். திருத்திய தாளைத் தூக்கிக்கொண்டு எந்தப் பிள்ளையாவது என்னிடம் வந்து ஏன் புள்ளியைக் குறைத்தீர் என்று கேட்டிருந்தால் நான் காதைப் பிடித்து வெளியே விட்டிருப்பேன்.

வெள்ளைக்காரப் பிள்ளை ஒருத்தியும் சீனப் பிள்ளை ஒருத்தியும் சிநேகிதிகளானார்கள். மூன்று பேரும் நூலகத்தில் இருந்து ஆளுக்காள் கேள்வி கேட்டுப் படித்தார்கள். பாடமாக்குகிற பழக்கத்தை விடத்தான் அவள் அதிகம் கஷ்டப்பட்டாள். குளியலறைக்குள் தனக்குத்தானே விளக்கம் சொல்லிப் பார்ப்பது கதவுக்கு வெளியே கேட்கும், முழுக்க ஆங்கிலத்தில். அந்த வருடக் கடைசியில் இரசாயனம் சி பிளஸ், பௌதிகம் பி. அடுத்த வருடம் உயிர் இரசாயனத்தில் பி பிளஸ். அதற்கடுத்த வருடம், பட்டத்தின் கடைசி வருடம், எடுத்த பாடம் எல்லாவற்றிலும் ஏ. சி என்ற குழியிலிருந்து ஏறிவர அவளுக்கு மூன்று வருடம் பிடித்தது. அந்த மூன்று வருடத்தில் என்னிடம் அவள் ஒரு சமன்பாடுகூடக் கேட்கவில்லை.

தாயோடு தமிழில்தான் கதைப்பாள். என்னோடு ஆங்கிலம். எப்போது மாறியது என்று எனக்குத் தெரியாது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பதில் சொல்வாள். இங்கே பிறந்த பிள்ளைகள் அப்படிக் கதைப்பதைக் குறைசொல்லி, பெற்றோருக்கு நானே புத்தி சொல்லியிருக்கிறேன். இவளோ பதினேழு வயதுவரை தமிழில் படித்தவள். ஆங்கிலம் அவளுக்கு வசதியாக இருந்தது என்று சொல்லி என்னை நானே ஏய்த்துக்கொண்டேன். என்னோடு அடியோடு கதைக்காமல் விட முடியாததால்தான் அந்த மொழியில் கதைத்தாள் என்று இப்போது நினைக்கிறேன்.

ஊருக்கு நான் எழுதிய கடிதங்களும் இந்தக் காலத்தவைதான். முதல் வருடம் 'மெடிசினுக்கு ஆயத்தமாகிறாள்' என்று எழுதினேன். அது உண்மை. இரண்டாம் வருடம் ஆயத்தம் என்ற சொல்லை விட்டுவிட்டேன். பொய் சொல்லவேண்டும் என்று திட்டமிட்டுச் செய்யவில்லை. ஒரு சொல்லை விட்டால் போதுமாக இருந்தது.

ஒரு தைப்பொங்கலுக்கு மண்டபம் ஒன்றில் எங்கள் ஆட்கள் கூடியபோது ஒருவர் கேட்டார், "மகள் மெடிசினில எத்தினையாம் வருஷம் மாஸ்டர்?" என்று. வாசுகி எனக்குப் பக்கத்தில் தட்டோடு நின்றாள். "ரெண்டாம் வருஷம்" என்றேன். என் வாய் தானாகச் சொன்னது. அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். நான் பின்னால் போனபோது கார் நிற்குமிடத்தில் நின்றாள்.

"ஏன் பிள்ளை சாப்பிடாமல் வந்தனி?" என்றேன்.

தனக்கு வெட்கமில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஃபெயில் விட்டதில் தனக்கு வெட்கமில்லையாம். உங்களுக்கு என்னைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது, அதுதான் எனக்குக் கஷ்டம் என்றாள். அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் கூடுகிற எந்த இடத்துக்கும் அவள் வரவில்லை.

5

பட்டம் முடிகிற வருடம் விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்கு அழைத்தார்கள். அழைத்ததே பெரிய காரியம் என்று கிரேஸ் சொன்னார். அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. இரண்டு பேரும் ரயிலில் போனோம். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள்.

அந்த முதல் வருடத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். எத்தனையோ நாள் யோசித்து வைத்திருந்ததை ரயிலில் வைத்துச் சொன்னேன்.

"பிள்ளை, அந்த ரெண்டு சோதினையையும் பற்றிக் கேட்டால் மறைக்காதை. அப்பாதான் போக வேண்டாம் எண்டவர், எங்கட நாட்டு முறை வேறை, அவருக்குத் தெரியாது எண்டு சொல்லு. உண்மை அதுதானே. எனக்கு ஒரு குறையுமில்லை."

அவள் தலையாட்டினாள். ஆம் என்றா இல்லை என்றா தெரியவில்லை.

கட்டடத்தின் கீழ்த்தட்டில் வாங்குப் பலகை ஒன்றில் இருந்தேன். நாற்பது நிமிடம். கீழே வந்தபோது அவளுடைய முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தெருவில் இறங்கி நடந்தோம். கேட்டார்களோ என்று கேட்டேன்.

"ஓம். முதல் கேள்வியே அதுதான்" என்றாள். நெடுநாளுக்குப் பிறகு எனக்குத் தமிழில் பதில் சொன்னாள்.

"என்ன சொன்னனி?"

"என்ர பிழை எண்டு சொன்னன். ஆயத்தம் காணாது, பயந்துபோய் எழுதாமல் விட்டனான் எண்டு."

"நான் சொன்னனானெல்லோ பிள்ளை. பிழையை என்னில போட்டிருக்கலாமே."

அவள் நடையை நிறுத்தவில்லை. "போட்டால் அடுத்ததா என்ன கேப்பினம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ அப்பா. இனியும் அப்பா சொல்லுறதைத்தான் கேட்டு நடப்பியோ எண்டு கேப்பினம். நான் இல்லை எண்டு சொல்லவேணும்." கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, "அதை அவையளுக்கு முன்னால சொல்ல எனக்கு விருப்பமில்லை" என்றாள்.

அன்றைக்கு நான் தெருவில் அழுதேன். சனங்கள் விலகிப் போனார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்று, உங்களுக்குச் சுகமில்லையா என்று கேட்டாள். வாசுகிதான் அவளுக்குப் பதில் சொல்லி அனுப்பினாள்.

கோடை விடுமுறையில் பதில் வந்தது. இடமில்லை. கடைசி இரண்டு வருடப் பெறுபேறுகள் மிக நன்று. ஆனால் முழுப் பதிவையும் சேர்த்துப் பார்க்கும்போது மற்ற விண்ணப்பதாரர்கள் முன்னுக்கு நிற்கிறார்கள். விரும்பினால் அடுத்த முறையும் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. பண்பான கடிதம். தவமணி சாமிப்படத்துக்கு முன்னால் போய் இருந்தாள். வாசுகி கடிதத்தை உறைக்குள் போட்டுவிட்டுத் தன்னுடைய துணிகளைத் தோய்க்கப் போனாள்.

6

இப்போது அவள் ஒரு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். வருகிற இரத்தக் குழாய்களைப் பதிந்து, லேபிள் சரியா என்று பார்த்து, இயந்திரத்துக்குள் வைக்கிற வேலை. அவளோடு முதலாண்டில் இருந்த சிலர் அதே ஆஸ்பத்திரியில் மாணவ டொக்டர்களாகக் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு திரிகிறார்கள். கண்டால் கதைப்பார்களாம். இதையும் தவமணி சொல்லித்தான் அறிந்தேன்.

போன கிழமை, நண்பருக்கு என்ன பதில் எழுதுவது என்று நான் வெறும் தாளோடு இருந்த ஒரு பின்னேரம், வாசுகி வேலையால் வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். கையில் புதிய விண்ணப்பப் படிவம். நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தில் முந்திய பெறுபேறுகளைப் பற்றி ஏதும் விளக்கம் சொல்ல விரும்பினால் எழுதலாம் என்று ஒரு பெட்டி. அது வெறுமையாக இருந்தது.

"இன்னொருக்காப் போடட்டோ, விடட்டோ எண்டு யோசிக்கிறன்" என்றாள். "நீங்கள் என்ன சொல்லுறியள் அப்பா?"

எத்தனையோ பேர் இதே கேள்வியோடு என் முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். ஒருவரையும் நான் பதில் இல்லாமல் அனுப்பியதில்லை. இப்போதும் ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. போடு பிள்ளை, மூன்றாம் தரம் கட்டாயம் கிடைக்கும் என்று. அதை விழுங்கினேன்.

"எனக்குத் தெரியாது பிள்ளை" என்றேன். "நீ என்ன நினைக்கிறாய்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பேனையின் மூடியைக் கழற்றிப் பூட்டினாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பிள்ளை பிறந்து இருபத்திரண்டு வருடத்தில் நான் அவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"கெமிஸ்ட்ரி சோதினை அண்டைக்குக் காலமை இதைக் கேப்பியள் எண்டுதான் சட்டை மாத்திக்கொண்டு வந்து நிண்டனான்" என்றாள்.

வெறும் தாளை நான் ஒரு பக்கமாகத் தள்ளினேன்.

"அந்த மூண்டு கிழமையும் நான் பயோலொஜி படிக்கேல்லை அப்பா. கதவைப் பூட்டிப்போட்டுக் கெமிஸ்ட்ரியும் பிசிக்ஸும்தான் படிச்சன். பழைய பேப்பர் அவ்வளவும் செய்து பார்த்தன். ஏ வந்திராது. ஆனால் ரெண்டும் பாஸ் பண்ணியிருப்பன்."

உயிரியலில் பி எடுத்ததற்கு அன்றைக்கு நான் கத்தியதெல்லாம் என் காதிலேயே திரும்பக் கேட்டது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளையும் கண்ணுக்குள் வந்தாள்.

"ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் எழுதாட்டி ஒண்டும் நிக்காது எண்டு சொன்னியள். உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன்" என்றாள். அதில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு படிவத்தைத் தன் பக்கம் இழுத்து முதல் பக்கத்தில் பெயரை எழுதத் தொடங்கினாள். தகப்பன் பெயர் கேட்டிருந்த இடத்தில் என் பெயரையும் எழுதினாள். அழகான எழுத்து. நான் எதிரே இருந்து அவள் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் பக்கம் வந்தபோது அந்தப் பெட்டியில் ஒன்றும் எழுதாமல் தாளைப் புரட்டினாள்.